பக்கத்தில் ஆள் இருந்தால் பச்சை

செத்துப்போனவரை வேலைக்கு வைத்திருக்கும் அலுவலகம் ஒன்று திருவனந்தபுரத்தில் இருக்கிறது. மாநிலக் கம்பியில்லாக் கருவி மேம்பாட்டு மையம் என்று பெயர். நீங்கள் நம்பாவிட்டால் எனக்கொன்றும் நஷ்டமில்லை. உயிரோடு இருக்கிறவர்கள் அங்கே என்ன வேலை பார்க்கிறார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பதில் சொல்ல எனக்கு வராது.

மையத்தின் முதல் தலைமைப் பொறியாளர் சாம்பசிவன். ஆஜானுபாகு. அவர் உடம்புக்கென்றே தேக்கில் அகலமாக ஒரு நாற்காலி செய்தார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு மத்தியானம் உயிரை விட்டார். பல வருஷமாயிற்று. ஆனால் அவர் பதவி காலியாகிவிட்டது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வரவில்லை. உத்தரவு வராத ஒன்றை நடந்ததாக எடுத்துக்கொள்ள மையத்துக்கு அதிகாரம் கிடையாது. ஆகவே அவர் அறையில் இன்றும் ஃபேன் ஓடுகிறது. காலையில் ஞானபாய் என்கிற அம்மாள் அறையைத் திறந்து, மேஜையைத் துடைத்து, கடுப்பமாக, சாயம் தூக்கலாக ஒரு டீ வைப்பார். சாயங்காலம் ஆறின டீயை எடுத்துக் கொட்டிவிட்டு, “செரி சார், நாளைக்குப் பாக்கலாம்” என்று சொல்லிப் பூட்டுவார்.

சாம்பசிவன் மேதை. அதில் எனக்கு மறுப்பில்லை. அவர் சாதித்தது மேட்சிங். ரேடியோ சிப்புக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவே குருணை அளவில் இரண்டு கப்பாசிட்டரும் காயில் என்கிற ஒரு கம்பிச்சுருளும் உட்கார்ந்திருக்கும். மூன்றின் அளவும் சரியாக அமைந்தால் சிப் அனுப்புகிற சக்தி முழுக்கக் காற்றில் போகும். அமையாவிட்டால் போன வேகத்தில் திரும்பி வந்துவிடும், மையத்துக்கு நாம் அனுப்புகிற மனுவைப் போல. இதில் ஒரு சங்கடம் உண்டு. ஆண்டெனா தனியாக இருக்கும்போது ஒரு மாதிரி நடந்துகொள்ளும். பக்கத்தில் ஈரப் பாறையோ, இரும்போ, மனுஷ உடம்போ இருந்தால் வேறு மாதிரி. அது எங்கே இருக்கப்போகிறதோ அங்கே வைத்து அளந்துதான் காயில் போட வேண்டும். சட்டை தைப்பது போலத்தான். போடப்போகிறவனை அளக்காமல் தைத்தால் என்ன ஆகும்?

சாம்பசிவன் அளந்தது அதிகாரிகளின் மேஜைமேல் வைக்கிற ஒரு கருவிக்காக. மேஜை என்றால் பின்னால் அதிகாரி இருப்பார் அல்லவா? அதனால் தன் மேஜையில் வைத்து, தன் நாற்காலியில் தானே உட்கார்ந்து, அந்தச் சரீரமும் பக்கத்தில் இருக்கிற கணக்கில் காயில் போட்டார். நேர்த்தியான வேலை. அவர் கண்ணை மூடியதும் மையம் அந்தக் காயிலைச் சாமியாக்கிவிட்டது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி மணிக்கும் அதே காயில். அணை மீட்டருக்கும் அதே காயில். வேறு அளவு கேட்டவர்களிடம், “சாரிடம் கேளுங்கள்” என்று பூட்டிய அறையைக் காட்டுவார்கள்.

இந்த இடத்தில்தான் திவ்யலட்சுமி ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தாள். சாலைக் கடைத்தெருவில் கீல், தாழ்ப்பாள் மொத்த வியாபாரம் பண்ணுகிற நாஞ்சில்நாட்டுக் குடும்பத்துப் பெண். கருவி என்றால் வேலை செய்ய வேண்டும் என்கிற ஒரு மூடநம்பிக்கை அவளுக்கு இருந்தது.

அவளிடம் கொடுத்த வேலை மண்சரிவு எச்சரிக்கைப் பெட்டி. மலையடிவாரத்து வித்துரா ஊருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் கீழ் லயம், தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். போன ஜூன் மாத இடவப்பாதி மழையில் லயத்துக்கு மேல் சரிவு பிளந்து மாட்டுத் தொழுவத்தைக் கொண்டுபோயிற்று. மாடு தப்பியது. அடுத்த தடவை எது போகும் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். சரிவின் உச்சியில் பாறையைத் துளைத்துக் கம்பம் நட்டு, அதில் பெட்டியை மாட்டியிருந்தார்கள். மண் அசைந்தால் பெட்டி வித்துராவிலுள்ள மையத்தின் அறைக்குச் செய்தி அனுப்பும். அங்கே ஒருவர் பட்டனை அமுக்கினால் லயத்தில் சங்கு ஊதும். பெட்டியே நேராக ஊதலாமே என்று கேட்கக் கூடாது. ஆபத்து வந்துவிட்டது என்று முடிவு செய்ய அதிகாரம் உள்ளவர் வித்துராவில்தான் இருக்கிறார்.

திவ்யா போய்ப் பார்த்தபோது பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. உலகம்மையும் அவள் புருஷன் திரவியமும் கூட வந்தார்கள். சரிவுக்கு நேர் கீழே இருப்பது அவர்கள் வீடு.

“எம்மா, சேப்பு எரியுதே. அது நல்லதா கெட்டதா?” என்று கேட்டாள் உலகம்மை.

“கெட்டதுதான் அக்கா. செய்தி வித்துராவுக்குப் போகல்ல.”

தூறல் விழுந்தது. திரவியம் குடையை விரித்துக்கொண்டு, பெட்டி நனையாமல் கம்பத்தை ஒட்டி வந்து நின்றார். வாட்டசாட்டமான ஆள். விளக்கு பச்சையாயிற்று. விலகினார், சிவப்பு. திரும்ப வந்தார், பச்சை.

“பாத்தியா? இந்த மலையில என்னய மதிக்கது இந்தப் பொட்டி ஒண்ணுதான்” என்று உலகம்மையிடம் சொல்லிச் சிரித்தார்.

திவ்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காயில் பக்கத்தில் ஒரு தடித்த மனுஷனைத் தேடுகிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டில் அப்பாவிடம் சொன்னாள்.

“செத்தவன் அளவுக்கா இன்னும் துணி வெட்டுதானுவ? ஒரு காயில மாத்து மக்ளே, தீந்துச்சு” என்றார் அவர்.

“மாத்தணும்னா சாம்பசிவன் சார் மேஜையில வச்சு அளந்து காட்டணுமாக்கும் அப்பா. வேற மேஜையில அளந்தா செல்லாது.”

“கொள்ளாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் போல.”

மறுநாள் அறையைத் திறந்துவிட்டார்கள். வெளியே மழை இருட்டு. உள்ளே ஃபேன் சத்தம், பழைய வார்னிஷ் வாசனை, மேஜையில் ஆவி பறக்கிற டீ. திவ்யா அந்தப் பெட்டிக்குள் வைக்கிற போர்டு ஒன்றை மேஜையில் வைத்து அனலைசரை இணைத்தாள். மேட்சிங் சரியாக இருந்தால் திரையில் பச்சைக் கோடு உரிய இடத்தில் பள்ளமாக இறங்கும். இல்லையென்றால் பள்ளம் தள்ளிப்போகும். நாற்காலியில் ஆளில்லை. ஆகவே தள்ளிப்போயிருக்கும், அதைக் காட்டி காயிலை மாற்றிவிடலாம் என்பது அவள் கணக்கு.

கோடு உரிய இடத்தில் அச்சாக இறங்கியிருந்தது.

வயரைப் பிடுங்கிச் செருகினாள். அனலைசரைத் திரும்ப ஆரம்பத்திலிருந்து சரிபார்த்தாள். அப்படியேதான் இருந்தது. போர்டை வராந்தாவுக்குக் கொண்டுபோனாள், பள்ளம் தள்ளிப்போயிற்று. அறைக்குள் கொண்டுவந்தாள், சரியாயிற்று. ஆள் இருந்தால் எப்படிக் காட்டுமோ அப்படிக் காட்டியது. பார்த்துவிடுவோம் என்று சுற்றிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உடனே கோடு இன்னொரு பக்கம் விலகியது. ஓர் ஆளுக்குப் பதிலாக இரண்டு ஆள் இருந்தால் அப்படித்தான் விலகும்.

வாசலில் ஞானபாய் நின்றார். “பிள்ளே, எழும்பு. அவிய மடியிலயா போய் இருப்ப?” என்றார். குரலில் பதற்றம் எதுவுமில்லை. பஸ்ஸில் பெண்கள் சீட்டில் உட்கார்ந்த ஆணை எழுப்புகிற தோரணைதான்.

திவ்யா துள்ளி எழுந்தாள். “சேச்சி, இங்க யாராவது…”

“பின்ன ஃபேன் எதுக்கு ஓடுதுன்னு நெனச்ச?” என்றார் ஞானபாய்.

விஷயம் கமிட்டிக்குப் போயிற்று. வேறு எந்த அலுவலகமாக இருந்தாலும் இந்த இடத்தில் நாலு பேர் அலறியடித்து ஓடியிருப்பார்கள். மையத்தில் அப்படி யாரும் பதறவில்லை. இயக்குநர் நீலகண்டன் வலியசாலை அக்கிரகாரத்துக்காரர், பக்குவமான மனுஷர். திவ்யா சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டார்.

“பாருங்கோ திவ்யலட்சுமி. சார் பக்கத்துல இருந்தா போர்டு வேலை செய்யறது. இல்லேன்னா செய்யலே. அப்போ என்ன தெரியறது? போர்டுல தப்பில்லே. மலையில சார் இல்லாததுதான் தப்பு.”

“சார், ஒரு காயில் மாத்தினா மதி, அது போதும். பக்கத்துல ஆளே வேண்டாம். மழைக்கு முன்னாடி மாத்திரலாம். அந்த லயத்துல குழந்தைங்க இருக்கு சார்.”

“மாத்தறது சுலபம்மா. மாத்தினா, இத்தனை வருஷம் தப்பான காயில் போட்டோம்னு ஆயிடும் அல்லே? ஆஸ்பத்திரில மணி ஏன் அடிக்கலே, அணையில மீட்டர் ஏன் தூங்கித்துன்னு ஒவ்வொண்ணா கேப்பா. இப்போ எல்லாத்துக்கும் மழைதான் காரணம்னு சொல்லிண்டிருக்கோம். மழை வந்து எதிர்த்துப் பேசாது.”

சட்ட ஆலோசகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சார் இன்னும் பணியில் இருப்பதால் அவரை மலைக்கு டூர் அனுப்ப விதியில் தடையில்லை என்றார். ஆள் போவதற்கு அடையாளமாக நாற்காலி போனால் போதும்.

“ஆனை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்” என்று எழுந்தார் நீலகண்டன். “நம்ம ஆனையை நாம மலைக்கு அனுப்பறோம்.” எல்லோரும் கைதட்டினார்கள்.

நாற்காலி ஜீப்பில் போயிற்று. பதவி வரிசைப்படி முன் சீட் அதற்கு. நீலகண்டன் பின்னால் ஸ்டெப்னி டயரோடு ஒடுங்கிக்கொண்டார். வலியசாலைக் கோவில் வாசலில் நிறுத்தித் தேங்காய் உடைத்தார்கள். சரிவின் உச்சியில், கம்பத்தின் பக்கத்தில் நாற்காலியை இறக்கி மாலை போட்டார்கள். பெட்டியில் பச்சை எரிந்தது. யாரும் பக்கத்தில் இல்லை. நாற்காலி காலியாகத்தான் இருந்தது. நீலகண்டன் பேசிய அரை மணி நேரமும் பச்சை அணையவேயில்லை.

“பெரிய சார் எப்ப வருவாரு?” என்று உலகம்மை கிசுகிசுத்தாள்.

“வந்தாச்சாம் அக்கா.”

உலகம்மை நாற்காலியைப் பார்த்தாள். திரவியம் எதற்கும் இருக்கட்டும் என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அதற்கு ஒரு கும்பிடு போட்டார்.

முதல் மழையிலேயே நாற்காலி நனைந்தது. தலைமைப் பொறியாளர் நனையலாமா? தகரக் கூரை போட்டார்கள். தலைக்கு மேல் தகரம் வந்ததும் பெட்டியில் சிவப்பு. தகரத்தைப் பிரித்து ஓலை போட்டார்கள். அதற்குள் திருவனந்தபுரத்தில் வேறொரு கூத்து. சார் மேஜையில் வைத்து அளந்த போர்டுகள் ஒன்றுகூடத் தேறவில்லை. கோடு கண்ட இடத்தில் இறங்கியது. சாரே இல்லாத அறையில் எது தேறும்? மையத்தின் வேலை நின்றுபோயிற்று. நாற்காலி உடனே திரும்ப வேண்டும் என்று உத்தரவு போனது.

“அப்போ மலையில பெட்டி?” என்று திவ்யா இயக்குநர் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தாள்.

“அங்கே ஒருத்தர் இருக்காரே, திரவியம்னு. சார் மாதிரியே சரீரம். கொஞ்ச நாளைக்கு அவர் பக்கத்துல உட்கார்ந்துக்கட்டும். காயில் விஷயத்தைக் கமிட்டி அடுத்த கூட்டத்துல பரிசீலிக்கும்.”

“மழையிலயா சார்? அந்தச் சரிவிலயா?”

“ஏம்மா, சார் இருந்தாரே. ஒரு வார்த்தை முணுமுணுத்தாரா?”

திரவியத்துக்கு ‘தற்காலிக அருகிருப்பாளர்’ என்று ஒரு பதவி உண்டாயிற்று. கழுத்தில் மாட்ட அட்டை ஒன்றும் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றும் கொடுத்தார்கள். பாறையில் கம்பம் நின்றது. ஸ்டூல் போட இடமிருந்தது பக்கத்து மண்ணில். மழை வலுத்த அன்று திவ்யா போன் செய்தாள்.

“அண்ணா, அங்க இருக்காதீங்க. எழும்பிப் போயிருங்க.”

“எழும்புனா சேப்புல்லா எரியும், பிள்ளே. மண்ணு அசைஞ்சா யாரு சொல்லுவா? கீழ அத்தன பேரு இருக்கே.” கொஞ்சம் தயங்கிக் கேட்டார்: “அந்தக் காயிலு எப்ப வரும்?”

“இன்னிக்கே. நானே கொண்டு வாறேன்.”

சரியான அளவுக் காயிலை அவள் முன்பே கணக்குப் போட்டு வரவழைத்திருந்தாள். ஈர மண்ணும் பாறையும் மட்டும் பக்கத்தில் இருந்தால் எது பொருந்துமோ அது. அரிசி மணிகூட இருக்காது. கமிட்டியாவது மண்ணாங்கட்டியாவது என்று கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். வித்துராவில் இறக்கிவிட்டார்கள். மேலே ரோட்டில் மரம் விழுந்து கிடந்தது. அவள் ஓடியது மையத்தின் அறைக்கு.

அவள் உள்ளே நுழைந்தபோது மலையிலிருந்து செய்தி வந்தது. மண் அசைகிறது.

“ஊதுங்க!” என்று கத்தினாள்.

அதிகாரி பதற்றமில்லாமல் மலையாளத்தில் விளக்கினார். ஒரு செய்தி வந்தால் அது தகவல். இரண்டு வந்தால் சந்தேகம். மூன்று வந்தால்தான் ஆபத்து. நடுவே அவர் ஊதினால் விளக்கம் எழுத வேண்டிவரும்.

“சாரே, ஒரு மனுஷன் அங்க உட்கார்ந்திருக்காரு. அவர் உட்கார்ந்திருந்தாத்தான் செய்தியே வரும். நீங்க மூணு கேட்டா அவர் மூணு வரைக்கும் உட்காரணும்!”

பட்டனை அமுக்கப் பாய்ந்தாள். பட்டனுக்குப் பூட்டு இருந்தது. சாவி அதிகாரியின் பாக்கெட்டில். திரவியத்துக்குப் போன் போட்டாள்; மணி போயிற்று, எடுக்கவில்லை. இரண்டாவது செய்தி வந்தது. அதிகாரி சாவியை எடுத்து மேஜையில் வைத்தார், அவ்வளவுதான். அந்தப் பாழாய்ப்போன அறையில் அவள் சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டாள். திரவியம் எழுந்து ஓடிவிட வேண்டும் என்றும் வேண்டினாள், ஓடாமல் இருக்க வேண்டும் என்றும் வேண்டினாள். மூன்றாவது செய்தி வந்தது. சங்கு ஊதியது. லயம் முழுக்க, கைக்குழந்தை முதல் மாடுவரை, எதிர்க் குன்றுக்கு ஏறிவிட்டது. நாலாவது செய்தி வரவில்லை.

பாறையும் கம்பமும் நின்றன. பக்கத்து மண் போய்விட்டது. லயத்தில் பாதியை மூடிவிட்டு அது ஓடைவரை போயிற்று. மாட்டைக்கூட இழக்காத லயத்தில் திரவியம் ஒருவரைத்தான் காணவில்லை. எஸ்டேட் ஸ்கூலில் எல்லோரையும் தங்கவைத்தார்கள்.

ரோடு திறந்ததும் கமிட்டி வந்தது. உலகம்மையையும் மேலே கூட்டிப்போனார்கள். பெட்டியில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை, நிற்பதற்குப் பாறை விளிம்பு தவிர இடமும் இல்லை. நீலகண்டன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“மூணு செய்தியும் துல்லியமா வந்திருக்கு. இப்பவும் பச்சை. சார் காயில் ஜெயிச்சுடுத்து” என்றார், நாத்தழுதழுக்க. பிறகு உலகம்மையிடம் திரும்பினார். “அம்மா, மத்த மலைகளுக்கும் இதே மாதிரி ஆள் போடப்போறோம். அளவு குறிக்கணும். உங்க ஆத்துக்காரர் எத்தனை கிலோ இருப்பார்?”

“தூக்கிப் பாத்தாத்தானே தெரியும் சார்” என்றாள் உலகம்மை. “கெடைச்சா சொல்லுதேன்.”

கமிட்டி ஜீப்புக்கு இறங்கியது. திவ்யா இறங்கவில்லை. அவர்கள் பார்க்கப் பார்க்கவே பெட்டியின் அரக்கு முத்திரையை ஸ்க்ரூ டிரைவரால் குத்தி உடைத்தாள். கீழிருந்து யாரோ அவள் வேலை போய்விடும் என்று கத்தினார்கள். போகட்டும். பழைய காயிலைச் சூடு வைத்து எடுத்து எறிந்தாள். புதியதை வைத்துப் பற்றவைத்து, கையடக்க அனலைசரை இணைத்தாள். இனி இந்த மலையில் எவனும் எதன் பக்கத்திலும் உட்கார வேண்டாம் என்று அழுதுகொண்டே திரையைப் பார்த்தாள்.

கோடு தள்ளிப்போயிருந்தது. ஆளில்லாத இடத்துக்கென்று கணக்குப் போட்ட காயில். கணக்கில் பிழையில்லை.

“என்னம்மா? சேப்பா?” என்றாள் உலகம்மை.

திவ்யா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கணக்கு சரிதான் அக்கா. அண்ணன் இங்கதான் இருக்காரு. எழும்பல்ல.”

உலகம்மை அழுவாள் என்று எதிர்பார்த்தாள். உலகம்மைக்குக் கோபம்தான் வந்தது. கம்பத்துக்குப் பக்கத்தில், மண் போன வெற்றிடத்தைப் பார்த்து இடுப்பில் கைவைத்தாள்.

“இன்னுமா உக்காந்திருக்கீய? அவனுவ உக்காரச் சொன்னா உக்காந்துகிட்டே இருப்பீயளா? எல்லாரும் தப்பிச்சாச்சு. ஒரு உசுரு போகல்ல. எந்திரிங்க. லயத்துக்குப் போயிராதீங்க, நம்ம வீடு அங்க இல்ல. ஸ்கூல்ல இருக்கோம், ரெண்டாங்கிளாஸ் ரூம்புல. அங்க வாங்க.”

மழை தூறத் தொடங்கியது. திரையில் கோடு கொஞ்சம் நடுங்கியது. மெல்ல நகர்ந்தது. பிறகு உரிய இடத்தில் பள்ளமாக இறங்கி நின்றது.

உலகம்மை அதைப் பார்க்கவில்லை. அவள் குடையை விரித்து, தான் நனைந்துகொண்டு, அதைப் பக்கத்தில் ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தபடி சரிவில் மெதுவாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.